லண்டனில் உணவகத்துக்கு மது லைசன்ஸ்: கையைச் சுடும் தவறுகள்

ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ உணவகம் திறக்கும் நம்மவர்கள் பலர் வாடகை, அடுப்பு, பெயர்ப்பலகை எல்லாம் முடிந்த பிறகுதான் மது லைசன்ஸைப் பற்றி யோசிக்கிறார்கள். விண்ணப்பித்த பின் ஆட்சேபம் சொல்ல 28 நாள் அவகாசம் உண்டு. யாராவது ஆட்சேபித்தால் விசாரணை வேறு. வாடகை அதுவரை காத்திருக்காது.

2003 லைசன்சிங் சட்டப்படி கடைக்கு ஒரு லைசன்ஸ், மது விற்பனைக்குப் பொறுப்பேற்பவருக்கு ஒரு பர்சனல் லைசன்ஸ். இரண்டாவதற்குப் பயிற்சித் தேர்வும் குற்றப் பதிவுச் சான்றும் வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு நடப்பது விண்ணப்பத்தில், குற்றத்தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, அயலவர் தொல்லை, சிறுவர் நலன் ஆகியவற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கும் பகுதியில். நல்ல பெயர் வாங்கலாம் என்று "எந்நேரமும் வாசலில் காவலாளி நிற்பார்" என்று எழுதிவிடுவார்கள், அல்லது வேறு பார் ஒன்றின் படிவத்தைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார்கள். அங்கே எழுதுவதுதான் லைசன்ஸின் நிபந்தனையாகிறது. முப்பது பேர் உட்காரும் தோசைக் கடைக்குக் காவலாளி எதற்கு? நிபந்தனையை மீறி விற்றால் வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். "மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு மட்டுமே மது" என்பது போல, உங்களால் தினமும் செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். அனுப்புமுன் காவல்துறையின் லைசன்ஸ் பிரிவோடு பேசிவிட்டால் பாதி ஆட்சேபம் வராமலே போகும். ஒருவருமே ஆட்சேபிக்காவிட்டால், முறையான விண்ணப்பத்துக்குக் கவுன்சில் லைசன்ஸ் கொடுத்தே ஆகவேண்டும்.

அப்புறம், விண்ணப்பித்திருப்பதை ஊருக்குச் சொல்லக் கடை வாசலில் வைக்கும் நீலத்தாள். வெளிர்நீல ஏ4 தாளில், 16 புள்ளி எழுத்துக்குக் குறையாமல், தெருவில் போகிறவர் வாசிக்கும்படி 28 நாளும் தொங்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே ஒட்டிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினால் யார் வாசிப்பது? அதிகாரி வந்து பார்த்தால் நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்லலாம். உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட வேண்டும், அதற்கு விண்ணப்பித்ததிலிருந்து 10 வேலைநாள்தான்.

கட்டடத்தை எதற்கு, எந்நேரம் வரை பயன்படுத்தலாம் என்று சொல்லும் பிளானிங் அனுமதி தனி. அதில் இரவு 11 மணி என்றிருந்தால், லைசன்ஸில் 12 வாங்கியும் பயனில்லை.

திறப்பு விழாவுக்குள் லைசன்ஸ் வராது என்று தெரிந்தால் திருட்டுத்தனமாக ஊற்ற வேண்டாம். 21 பவுண்ட் கட்டி, முழுதாக 10 வேலைநாள் முன்னதாகக் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் (Temporary Event Notice) கொடுங்கள். ஊழியர்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேர் வரை இருக்கலாம்.