ஏற்காட்டில் வரும் பிழையைச் சேலத்திலிருந்து பார்க்க: உலாவியில் பிழைப்பதிவு நீட்டிப்பை அமைக்கும் முறை

ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவருக்கு இணையதளம் செய்துகொடுத்து, அஸ்தம்பட்டியில் இருந்தபடி அதைப் பராமரித்து வருகிறேன். அறை பதிவுசெய்யும் பக்கத்தில் ‘பணம் செலுத்து’ பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு கோடை சீசனில் அவர் தொலைபேசியில் சொன்னார். பிறகு கணினித் திரையைச் சாய்வாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படத்தில் பொத்தானும் இருந்தது, அவருடைய கையின் நிழலும் இருந்தது. காரணம் மட்டும் இல்லை. என் கணினியில் அதே பக்கம் ஒழுங்காக வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்ப் பார்க்க முடியாது என்பதால், உலாவிக்குள் நடப்பதைப் பதிவுசெய்து கோப்பாகத் தரும் ஒரு நீட்டிப்பை (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) அவருடைய கணினியில் அமைத்தேன். குரோம் உலாவியை வைத்து அந்த முறையை இங்கே எழுதுகிறேன். எட்ஜிலும் ஏறக்குறைய இதே வழிதான்.

நமக்குத் தேவைப்படுபவை இரண்டு பதிவுகள். பக்கத்தின் நிரல் எங்கே தடுக்கி விழுந்தது என்பதைக் கன்சோல் பதிவு சொல்லும். எந்தக் கோரிக்கை எந்த முகவரிக்குப் போனது, என்ன பதில் வந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்பதை நெட்வொர்க் பதிவு சொல்லும். இது பெரும்பாலும் ‘ஹார்’ எனப்படும் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் டூல்ஸ் இரண்டையுமே காட்டும் என்பதால், நிரல் எழுதுபவருக்கு நீட்டிப்பே தேவையில்லை. விடுதி வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு ஒரே சொடுக்கில் தொடங்கி ஒரே சொடுக்கில் நிறுத்தும் வசதி வேண்டும். நீட்டிப்பின் பயன் அவ்வளவுதான்.

குரோம் வெப் ஸ்டோரில் இவ்வகை நீட்டிப்புகள் பல உள்ளன. பதிவு அந்தக் கணினியிலேயே கோப்பாகத் தங்குகிறதா, அல்லது நீட்டிப்பைச் செய்தவரின் சர்வருக்குப் போய் அங்கிருந்து இணைப்பாகத் திரும்புகிறதா என்பதை முதலில் பாருங்கள். வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் பதிவில் வரக்கூடும் என்பதால், கணினியிலேயே சேமிப்பவற்றை மட்டுமே நான் தேர்ந்தெடுக்கிறேன். நிறுவும்போது எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்க அனுமதி கேட்டால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை, ஏனெனில் வேலையின் இயல்பே அது. ஆனால் செய்தவர் யார், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் அந்த அனுமதியைத் தரக் கூடாது.

நிறுவிய பின், முகவரிப் பட்டைக்கு அருகில் உள்ள புதிர்த்துண்டுப் படத்தைச் சொடுக்கி, நீட்டிப்பை ஊசிக்குறியால் வெளியே நிறுத்தி வையுங்கள். அடுத்து நீட்டிப்பின் விவரப் பக்கத்தில் தள அணுகலைக் ‘குறிப்பிட்ட தளங்களில் மட்டும்’ என மாற்றுங்கள். நான் தவறியது இந்த இடத்தில்தான். விடுதியின் முகவரியை மட்டும் சேர்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். பணம் செலுத்தும்போது உலாவி, பணத்தை வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வேயின் முகவரிக்கும், அங்கிருந்து ஓடிபி கேட்கும் வங்கிப் பக்கத்துக்கும் தாவுகிறது. ஆகவே எனக்கு வந்த முதல் கோப்பு, எது தேவையோ அதற்கு ஒரு படி முன்னாலேயே நின்றுபோயிருந்தது. வழியில் வரும் எல்லா முகவரிகளையும் சேர்க்க வேண்டும். டெவலப்பர் டூல்ஸில் நேரடியாகப் பதிவுசெய்பவர்கள் இதே காரணத்துக்காக ‘பிரிசர்வ் லாக்’ கட்டத்தை டிக் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பக்கம் மாறும்போது பழைய பதிவு அழிந்துவிடும்.

பிழை வந்த பிறகு பதிவைத் தொடங்கிப் பயனில்லை. முதலில் பதிவைத் தொடங்கி, பிறகு பக்கத்தைப் புதுப்பித்து, அதன்பின் பிழை வரும் வரை ஒவ்வொரு படியையும் செய்ய வேண்டும். சில நீட்டிப்புகள் குரோமின் டீபக்கர் (பிழை தேடும்) வசதியைப் பயன்படுத்துவதால், உலாவியை டீபக் செய்யத் தொடங்கியிருப்பதாக ஒரு பட்டை மேலே தோன்றும். “தம்பி, வைரஸ் மாதிரி மேல என்னமோ வந்துச்சு, கேன்சல் குடுத்துட்டேன்” என்றார் விடுதிக்காரர். அதை ரத்து செய்தால் பதிவும் அத்துடன் நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிழை வந்த நேரத்தையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஹார் கோப்பில் நேரம் பெரும்பாலும் யுடிசி கணக்கில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம்மூர் மாலை 4:10 அதில் 10:40 ஆகத் தெரியும்.

பாதுகாப்புக்காகப் புதிய குரோம் ப்ரொஃபைல் (தனி அமைப்புகளும் தனி நீட்டிப்புகளும் கொண்ட பயனர் பகுதி) ஒன்றை உருவாக்கி, நீட்டிப்பை அதில் மட்டும் நிறுவுவது நல்ல வழக்கம். ஆனால் எங்கள் பிழை புதிய ப்ரொஃபைலில் வரவே இல்லை. அதுவே ஒரு தடயம் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. பழைய ப்ரொஃபைலில் எடுத்த பதிவில், வருகையாளர்களை எண்ணும் ஸ்கிரிப்டின் வரி சிவப்பாக இருந்தது. அந்த வரிக்கு அருகில் ‘பிளாக்டு பை கிளையன்ட்’ என்ற சொற்கள். அதாவது சர்வர் மறுக்கவில்லை, பழைய ப்ரொஃபைலில் மட்டும் இருந்த விளம்பரத் தடுப்பான் தடுத்திருக்கிறது. பொத்தானுக்கு நான் எழுதிய நிரலோ அந்த ஸ்கிரிப்டை முதலில் அழைத்துவிட்டுத்தான் பணப் பக்கத்துக்குப் போகும். ஸ்கிரிப்ட் இல்லாததால் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. தவறு என்னுடையது. வரிகளின் வரிசையை மாற்றி, அந்த அழைப்பு தோற்றாலும் மேலே செல்லும்படி செய்ததும் சரியானது.

கோப்பை அனுப்புவதற்கு முன் ஒரு வேலை உண்டு. நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்குச் சொல்லும் குக்கிகளும் ஆத்தரைசேஷன் தலைப்புகளும் (ஹெடர்கள்) ஹார் கோப்பில் இருந்தால், அதை வைத்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும். 2023-இல், உள்நுழைவுச் சேவை வழங்கும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் புகுந்தவர்கள், அங்கே பதிவேற்றப்பட்டிருந்த ஹார் கோப்புகளிலிருந்தே செஷன் டோக்கன்களை (உள்நுழைந்தவர் என்பதற்கான அடையாளக் குறியீடுகள்) எடுத்தார்கள். குரோம் 130 பதிப்பு முதல் டெவலப்பர் டூல்ஸ், அமைப்பை மாற்றாத வரை, இவற்றை நீக்கிவிட்டே கோப்பைத் தருகிறது. நீட்டிப்பு அப்படிச் செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். கோப்பை நோட்பேடில் திறந்து ‘குக்கி’, ‘பாஸ்வேர்ட்’ ஆகிய ஆங்கிலச் சொற்களையும் உங்கள் கைபேசி எண்ணையும் தேடி, இருப்பவற்றை அழியுங்கள். அனுப்பியதும் அந்தத் தளத்திலிருந்து லாக் அவுட் செய்யுங்கள். முறையாக எழுதப்பட்ட தளமாக இருந்தால் பழைய டோக்கன் அத்துடன் செல்லாததாகிவிடும். வேலை முடிந்தபின் நீட்டிப்பை அணைத்துவையுங்கள். விடுதிக்காரர் கணினியில் அது இப்போது அணைந்துதான் இருக்கிறது. அடுத்த சீசனுக்கு முன் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.