மெயிலின் முழு ஹெடரை எடுப்பது எப்படி? போனில் எடுக்கும் வழியும் சேர்த்து

கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியில் அண்ணன் நடத்தும் காட்டேஜுக்கு வரும் மெயில், கணக்கு வழக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். போன ஏப்ரலில், மே சீசனுக்கு நாலு அறை போட்டிருந்த மதுரை நிறுவனம் ஒன்றின் பெயரில் ஒரு மெயில் வந்தது. பயணம் ரத்தாம். அட்வான்ஸ் 18,000 ரூபாயை ஒரு புதுக் கணக்குக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பெயர், முகவரி, கீழே வரும் கையெழுத்து வரி எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. அண்ணன் பணம் போடத் தயாராகிவிட்டார். எனக்கு அந்தப் ‘புதுக் கணக்கு’ மட்டும் உறுத்தியது. ஹெடரை, அதாவது மெயிலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் விவர வரிகளை, திறந்து பார்த்தால், நாம் எழுதும் பதில் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு ஜிமெயில் முகவரி. உடனே நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் எதையும் ரத்து செய்யவில்லை.

அந்த ஹெடரை எடுக்க அன்றைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மெயிலில் மேலே தெரியும் அனுப்புநர் பெயர், அனுப்புகிறவர் தானே எழுதிக்கொள்வது. மெயில் உண்மையில் வந்த பாதை ஹெடரில்தான் இருக்கும். மலை ஏறும் வண்டியைக் காமக்காபட்டி செக்போஸ்டில் ஒருமுறை, வெள்ளி நீர்வீழ்ச்சி டோல்கேட்டில் ஒருமுறை நிறுத்துகிறார்கள் அல்லவா, அதுபோல வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ‘ரிசீவ்ட்’ என்று ஒரு வரி எழுதி மேலே ஒட்டிவிடும். அதனால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஜிமெயில் என்றால்: மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’. ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்தின் உச்சியிலும் ஒரு மூன்று புள்ளி இருக்கிறது, அதில் இது கிடைக்காது. அனுப்புநர் பெயர் இருக்கும் அதே வரியில், ரிப்ளை அம்புக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளைத்தான் அழுத்த வேண்டும். யாஹூவில் மூன்று புள்ளி, ‘வியூ ரா மெசேஜ்’. ஆப்பிள் மெயிலில் ‘வியூ’, ‘மெசேஜ்’, ‘ஆல் ஹெடர்ஸ்’. புது அவுட்லுக்கில் மூன்று புள்ளி, ‘வியூ’, ‘வியூ மெசேஜ் சோர்ஸ்’.

பழைய அவுட்லுக்கில் மெயிலை இரட்டைக் கிளிக் செய்து தனி ஜன்னலில் திறந்தால்தான் வழி தெரியும். ‘ஃபைல்’, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால் அடியில் ‘இன்டர்நெட் ஹெடர்ஸ்’ என்று சின்னப் பெட்டி. அதிலேயே படிக்க முயன்றால் கண் வலிக்கும். உள்ளே ஒரு கிளிக், கண்ட்ரோல் + ஏ, கண்ட்ரோல் + சி, அப்புறம் நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள்.

என்னைக் கேட்டால் தண்டர்பேர்ட் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம். மெயிலைத் திறந்து கண்ட்ரோல் + யூ, அவ்வளவுதான். மெயில்களைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துக்கொள்வதால், மழையில் நெட் போனாலும் ஹெடரைப் பார்க்கலாம். எங்கள் ஊரில் அது பெரிய விஷயம்.

சரி, எனக்கு ஒன்றரை மணி நேரம் எங்கே போனது? போனில். அன்றைக்குக் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப்பில் ஒவ்வொரு மெனுவாகத் தேடினேன். அதில் ‘ஷோ ஒரிஜினல்’ இல்லவே இல்லை, தேடாதீர்கள். குரோம் வழியாக ஜிமெயில் முகவரிக்குப் போனால் மறுபடி ஆப்பே திறந்துகொள்கிறது. கடைசியில் பலித்த வழி இது. குரோமில் புது இன்காக்னிட்டோ டேப் திறக்க வேண்டும். மெயில் டாட் கூகுள் டாட் காம் என்று அடிப்பதற்கு முன்பே, குரோம் மெனுவில் ‘டெஸ்க்டாப் சைட்’ டிக் செய்ய வேண்டும். பிறகு முகவரியை அடித்து லாகின் செய்யுங்கள். நான் பக்கம் திறந்த பிறகு டிக் செய்துகொண்டிருந்தேன், அது போன் வடிவத்திலேயே நின்றது. போனைப் படுக்கை வாட்டில் திருப்பி, விரலால் பெரிதாக்கினால் அந்த மூன்று புள்ளி கைக்குக் கிடைக்கும்.

எடுத்தாயிற்று. எதைப் பார்ப்பது? முதலில் ‘ஃப்ரம்’ (அனுப்புநர்), ‘ரிப்ளை-டு’ (நம் பதில் போகும் முகவரி), ‘ரிட்டர்ன்-பாத்’ (போய்ச் சேராத மெயில் திரும்பும் முகவரி) மூன்றும். பணம் கேட்கும் மெயிலில் ‘ரிப்ளை-டு’ வேறு முகவரியாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘ரிட்டர்ன்-பாத்’ மட்டும் மாறியிருந்தால் பயம் வேண்டாம், மொத்தமாக மெயில் அனுப்பும் சேவைகளில் அது வழக்கம். அடுத்து ‘ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்’. மெயில் சொல்லும் இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளுக்கும் பாஸ், ஃபெயில் என்று போட்டிருக்கும். எங்களுக்கு வந்ததில் எஸ்பிஎஃப் ‘சாஃப்ட்ஃபெயில்’, அதாவது சந்தேகம் என்று குறித்திருந்தது. ஆனால் மூன்றும் பாஸ் என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. ஓர் எழுத்து மாற்றி டொமைன் (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) வாங்கியவனுக்கும் மூன்றும் பாஸ் ஆகும். ஆகவே டொமைனை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அடியிலுள்ள ‘ரிசீவ்ட்’ வரிகளை அனுப்புகிறவன் போலியாகச் சேர்க்க முடியும். உங்கள் மெயில் சேவையே எழுதிய மேல் வரிகள்தான் உறுதியானவை.

பிற்சேர்க்கை: “மதுரையிலிருந்து வந்த மெயிலில் -0700 என்று இருக்கிறது, அமெரிக்காவிலிருந்து வந்ததா?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. அது ‘ரிசீவ்ட்’ வரியில் நேரத்தோடு வரும் குறி; கூகுள் சர்வர்கள் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் எழுதுகின்றன. -0700 என்றால் 12.30 மணி நேரம் கூட்டுங்கள், குளிர்காலத்து -0800 என்றால் 13.30. நம் நேரம் வந்துவிடும்.

இன்னொன்று: பூம்பாறையிலிருந்து ஒரு தம்பி, சந்தேக மெயிலை எனக்கு ஃபார்வர்டு செய்து பார்க்கச் சொன்னார். ஃபார்வர்டு செய்தால் எனக்கு வருவது அவருடைய ஹெடர்தான், பழையது போய்விடும். ஜிமெயிலில் ‘ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்’ கொடுங்கள், அல்லது ‘டவுன்லோடு ஒரிஜினல்’ செய்து அந்தக் கோப்பை இணைத்து அனுப்புங்கள். போலீசுக்குக் கொடுக்கவும் அந்தக் கோப்புதான் வேண்டும், ஸ்கிரீன்ஷாட் போதாது. பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் ஹெடரை அப்புறம் பார்க்கலாம், முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். மெயிலை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஜிமெயில் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.