பிள்ளையின் தேவை மதிப்பீடு: வன்னியில் படிவம் பிழைக்கும் இடங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில், பிள்ளையின் தேவையை மதிப்பிட ஓர் உத்தியோகத்தர் படிவத்தோடு படலையைத் திறந்தால், வீட்டுக்காரருக்கு முதலில் வரும் நினைப்பு நிவாரணம்தான். அது அவர்களுடைய பிழை இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் தொடங்கி, மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், சமுர்த்தி உதவிப்பணம், இப்போது அதன் இடத்தில் வந்த அஸ்வெசும வரை எத்தனை படிவங்கள்! கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னால் கிடைக்கும், குறைத்துச் சொன்னால் பெயர் வெட்டுப்படும் என்பது அனுபவப் பாடம். பிள்ளையைப் பற்றிய கேள்வி என்றால் கூடவே இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்: "பிள்ளையைக் கொண்டுபோய் ஹோமில விட்டிருவினமோ?" அதனால் ஒரே கேள்விக்கு ஒரு தாய் எல்லாம் மோசம் என்பார், பக்கத்து வீட்டு அம்மம்மா எல்லாம் நல்லாயிருக்கு என்பார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் நிலையும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஆகவே முதல் தவறு, ஒன்றும் சொல்லாமல் பேனையைத் திறப்பது. இது உதவிப்பணப் பதிவு இல்லை, பிள்ளையைப் பிரிக்க வந்ததும் இல்லை, எழுதுவதை யார் யார் பார்ப்பார்கள் என்பதை எல்லாம் முதலே சொல்லிவிட வேண்டும். ஆனால் "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் நீங்கள் அறிவித்தே ஆகவேண்டும். அப்போது அந்த வாக்கு பொய்யாகிவிடும், அதன்பிறகு அந்த வீட்டில் உங்களோடு ஒருவரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

அடுத்தது, கையில் இருக்கும் கருவி எந்த வகை என்று பாராமல் நிரப்புவது. பரவலாக அறியப்பட்ட இரண்டை மட்டும் எடுப்போம். எஸ்.டி.கியூ. (SDQ, பலங்களும் சிக்கல்களும் பற்றிய வினாக்கொத்து) என்பது ரொபேட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து. பிள்ளைக்குச் சிக்கல் இருக்கக்கூடுமா என்று வடிகட்டிப் பார்ப்பதே அதன் வேலை. கான்ஸ் (CANS, பிள்ளைகளின் தேவைகளும் வலிமைகளும்) என்பது ஜோன் லயன்ஸ் உருவாக்கியது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சிறுவர் சேவைகளில் பயன்படுகிறது. அது வினாக்கொத்தே இல்லை. பிள்ளையோடும் குடும்பத்தோடும் பேசி, தெரிந்ததை எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு விடயத்துக்கும் 0 முதல் 3 வரை ஓர் எண் இட வேண்டும். 0 என்றால் செய்ய ஒன்றுமில்லை. 1 என்றால் கண் வைத்திரு. 2 என்றால் திட்டத்தில் சேர்த்து ஏதாவது செய். 3 என்றால் உடனே, முழுமூச்சாகச் செய்.

பிழை அதிகம் வருவது இங்கேதான். எண்ணைக் கண்டால் எங்களுக்குப் பரீட்சைப் புள்ளிதான் ஞாபகம் வரும். கூட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். எஸ்.டி.கியூ.வில் கூட்டத்தான் வேண்டும். கான்ஸில் கூட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்குத் தற்கொலை அபாயத்தில் 3, மற்ற எல்லாவற்றிலும் 0. கூட்டுத்தொகை 3. இன்னொரு பிள்ளைக்கு எட்டு விடயங்களில் 1. கூட்டுத்தொகை 8. கூட்டுத்தொகையின்படி வரிசைப்படுத்தினால் இன்றைக்கே பார்க்க வேண்டிய பிள்ளை பின்னால் போய்விடும். கான்ஸின் வலிமைகள் பகுதியிலும் எண் கூடினால் நல்லது என்று நினைக்கக் கூடாது. அங்கே 0தான் மிகப் பலமானது, 3 என்றால் அந்த வலிமை இன்னும் தென்படவில்லை.

இன்னொரு பழக்கம், யோசனை வந்தால் 1 போட்டுவிடுவது. 0 போடப் பயம், 2 போட்டால் வேலை. அந்த 1ஐ இட்டபிறகு யாரும் கண் வைத்திருப்பதும் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு, சேவை இருக்கிறதா என்று பார்த்து எண் போடுவது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் பிள்ளைக்கு உளநல உதவி தேவை. மருத்துவரிடம் போக நாள் முழுக்க வேண்டும், பஸ்ஸும் நேரத்துக்கு இல்லை, தாய்க்கு அன்றைய கூலியும் போகும். "எழுதி என்ன செய்யிறது, 1ஐப் போடுவம்" என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், ஆனால் போடக் கூடாது. எண் சொல்ல வேண்டியது பிள்ளையின் தேவையை. எங்களிடம் என்ன இருக்கிறது என்பதைத் திட்டத்தில் தனியாக எழுதலாம். ஒரு பிரதேச செயலகப் பிரிவில் எல்லோரும் இப்படி 1 போட்டால், அறிக்கையில் அங்கே உளநலத் தேவையே இல்லை என்றாகிவிடும். பிறகு ஆளணி கேட்கப் போகும்போது எதைக் காட்டுவது?

சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். இல்லத்தில் இருக்கும்வரை பிள்ளை நாள்தவறாமல் பாடசாலை போகிறான். பொறுப்பாளர் எழுப்பி, உடுப்புப் போடச் செய்து, வாசல்வரை கூட்டிப்போகிறார். படிவத்தில் 'பாடசாலை வரவு' என்பதற்கு 0, அதாவது செய்ய ஒன்றுமில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போனால் பாடசாலை தொடங்கியும் திரும்பி வரமாட்டான். அப்படியானால் அந்த 0 பிள்ளையைப் பற்றியதா, பொறுப்பாளரைப் பற்றியதா? கான்ஸின் விதி தெளிவானது: ஒரு பக்கபலம் தேவையை மூடிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்தால் தேவை வெளியே வந்துவிடும் என்றால், 2க்குக் குறையாமல் போட வேண்டும். பிள்ளையைக் குடும்பத்தோடு மீளச் சேர்க்கத் திட்டமிடும்போது இதைத் தவறவிட்டால் பாரம் முழுவதும் அம்மம்மாவின் தலையில்தான் விழும்.

காரணத்தையும் நிலையையும் குழப்புவது இன்னொன்று. இங்கே எதற்கும் "யுத்தம்தானே" என்று சொல்லி முடிப்பது லேசு. ஆனால் இன்றைக்குப் பாடசாலை போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். யுத்தம் அவர்களிடம் வருவது பெற்றோரின் இழப்பாகவும் குடியாகவும் நுண்கடனாகவும். எது காரணம் என்பது குடும்பத்தோடு பேசும்போது உதவும். எண்ணை அது மாற்றக் கூடாது. "தாய் குவைத்தில, அதனால்தான் பிள்ளை இப்படி" என்று எண்ணைக் குறைப்பதும் தவறுதான். காரணம் விளங்குவதால் தேவை குறைந்துவிடுவதில்லை.

வழமை என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளை தலை குனிந்து மெல்லப் பேசினால் அது ஒதுங்கிப்போகும் குணம் என்று எழுதாதீர்கள். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் அடியையும், பதினெட்டு ஆகுமுன் சேர்ந்து வாழ விடுவதையும் "இஞ்ச வழமைதானே" என்று கடந்துபோவது வேறு கதை. அது படிவத்தில் வந்தே ஆகவேண்டும்.

கால எல்லையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கான்ஸ் பொதுவாகக் கடந்த 30 நாளைப் பார்க்கும், எஸ்.டி.கியூ. ஆறு மாதத்தை. நெல் அறுவடை மாதத்தில் பாடசாலை வரவைப் பார்த்தால் வேறு படம் வரும். ஆகவே 30 நாள் என்பதை வேலி ஆக்காதீர்கள். போன வருடம் நடந்தது இன்னும் நடவடிக்கை கேட்கிறது என்றால் சேர்க்க வேண்டும். அதிர்ச்சி தரும் அனுபவங்களுக்கு எல்லை வாழ்நாள் முழுவதும். புள்ளி கூட்டும்போதும் கவனம் வேண்டும்: எஸ்.டி.கியூ.வில் ஐந்து கூற்றுகளுக்குத் தலைகீழாகப் புள்ளி போட வேண்டும், பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்தும் மொத்தத்தில் சேராது. எத்தனை புள்ளிக்கு மேல் "அசாதாரணம்" என்று பிரிக்கும் அதன் மூல வெட்டுப்புள்ளிகள் பிரித்தானியப் பிள்ளைகளை வைத்து வந்தவை. எனவே "அசாதாரணம்" என்ற முடிவை நோய் என்று தாயிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

பிள்ளையோடு தனியாகப் பேசாத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். விறாந்தையில், கிராம அலுவலரும் பக்கத்து வீட்டாரும் நிற்க, எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? தனியாகப் பேசும்போது துன்புறுத்தல் பற்றி ஏதாவது வெளிவந்தால் மிச்சக் கேள்விகளை விடுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு அழையுங்கள். அந்தக் கதையைப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், விசாரிப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, மீள் மதிப்பீட்டில் பழைய எண்களைப் பார்த்து எழுதும் வழக்கம். எங்கள் பக்கம் உத்தியோகத்தர்களுக்கு இடமாற்றம் அடிக்கடி வரும். புதிதாக வருபவருக்கு வெறும் 2 ஒன்றையும் சொல்லாது. எண்ணுக்குப் பக்கத்தில், ஏன் 2, யார் சொன்னது, நேரில் பார்த்தது எது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். போனமுறை 3 இப்போது 1 என்றால் இடையில் என்ன நடந்தது என்பதும் அந்த வரியில் இருக்க வேண்டும்.