ஆல்மாவுக்காக அழுதால் என்ன தவறு? இருபாலீர்ப்புள்ளவரோடு காதல் படம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டியவை

‘ப்ரோக்பேக் மவுண்டன்’ என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு சமையலறைக் காட்சி வரும். நன்றி நவிலும் நாள் விருந்து முடிந்து, ஆல்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். விவாகரத்துக்குப் பிறகு வேறொருவரை மணந்துகொண்டவள் அவள். முன்னாள் கணவன் என்னிஸ் விருந்தாளியாக வந்து பக்கத்தில் நிற்கிறான். அவனும் அவன் காதலன் ஜாக்கும் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மலைக்குப் போய்வந்த நாட்களைப் பற்றி அவள் பேச்செடுக்கிறாள். ஒருமுறை அவன் கிளம்புவதற்கு முந்தைய இரவு, தூண்டில் பெட்டியைத் திறந்து பார்த்தாளாம். வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியும் விலைச்சீட்டு அப்படியே இருந்ததாம். தூண்டில் கயிற்றின் நுனியில், வீட்டுக்குக் கொஞ்சம் மீன் கொண்டுவரச் சொல்லி, அன்போடு தன் பெயரையும் எழுதி ஒரு துண்டுத்தாளைக் கட்டிவைத்தாளாம். திரும்பி வந்தவன், நிறைய மீன் கிடைத்தது, அங்கேயே சாப்பிட்டுத் தீர்த்துவிட்டோம் என்றானாம். அவள் கட்டிய தாள் கட்டியபடியே இருந்ததாம்.

நான் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது இந்த இடத்தில்தான் அழுதேன். வாடகை அறையில், மடிக்கணினித் திரை முன்னால், நண்பர்கள் மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்து, “இவளுக்காகவா அழுகிறாய்? பாவப்பட்டவர்கள் அந்த இரண்டு பேர் அல்லவா?” என்றான். அவன் தன்பாலீர்ப்புள்ளவன். எனக்கு ஆண்கள்மீதும் பெண்கள்மீதும் ஈர்ப்பு உண்டு. அவன் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு, இந்தப் படத்தைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்காமல் பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். அப்படி வாயடைத்துப்போனவர்கள் என்னைப்போல் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல் பற்றி ஒன்று. இப்படிப்பட்ட படங்களைத் தமிழில் ‘ஓரினச்சேர்க்கைப் படம்’ என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது உடலுறவை மட்டும் குறிக்கும் சொல். இருபது ஆண்டுகள் ஒருவன் இன்னொருவனை நினைத்து உருகியதை அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்துவந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாடு அரசே மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று சொல்லிப் பழகினால் நாக்கு ஒன்றும் சுளுக்கிக்கொள்ளாது. பேசப்படுவது ஈர்ப்பு என்பதாவது கேட்பவருக்குப் புரியும்.

பெயர் சூட்டும் அவசரம்

படம் 2005இல் வெளியானபோது, இரண்டு தன்பாலீர்ப்புக் கௌபாய்களின் கதை என்று ஒரே வரியில் அதை முடித்துவிட்டார்கள். மாடு மேய்ப்பவனைக் குறிக்கும் கௌபாய் என்பதே முழுதாகப் பொருந்தாது. 1963ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மலையில் அவர்கள் மேய்ப்பது ஆடுகளை. மேய்ப்பதையே சரியாகப் பார்க்காதவர்கள் மனதை எப்படிச் சரியாகப் பார்த்திருப்பார்கள்? அவர்கள் இருவரும் முதன்முதலாக ஒன்றுசேர்ந்த இரவுக்குப் பின் என்னிஸ், தான் அப்படிப்பட்டவன் இல்லை என்கிறான். ஜாக்கும் தானும் இல்லை என்கிறான். பிறகு என்னிஸ் ஆல்மாவை மணக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள் பிறக்கின்றன. விவாகரத்துக்குப் பின் கேஸி என்றொரு பெண் அவன் வாழ்வில் வருகிறாள். ஜாக் லூரினை மணக்கிறான். என்னிஸைப் பார்க்க முடியாத நாட்களில் மெக்சிகோ எல்லையைத் தாண்டி ஆண்களைத் தேடிப் போகிறான்.

இதையெல்லாம் வரிசையாக அடுக்கி, “பார், இருவருமே இருபாலீர்ப்புள்ளவர்கள்தான்” என்று நான் வாதாடிய காலம் உண்டு. இந்தத் தவறு எங்களுடையது. திரையில் எங்களைப்போல் ஒருவரைக் காண்பது அரிது என்பதால், கொஞ்சம் சாயல் தெரிந்தாலே பிடித்து இழுத்துக்கொள்கிறோம். 1960களின் வயோமிங்கில் ஒருவன் கல்யாணம் செய்துகொண்டான் என்பது எதற்கும் சான்று ஆகாது. ஊர் எதிர்பார்த்ததை அவன் செய்தான், அவ்வளவே. பிள்ளை பெற்றதால் ஆசை இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இருபாலீர்ப்பு இயக்கத்தில் நெடுங்காலம் உழைத்துவரும் ராபின் ஓக்ஸ் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவரிடம் ஈர்ப்பு கொள்ளும் இயல்பு தன்னுள் இருக்கிறது என்கிறார் அவர். ஆனால் அது ஒரே நேரத்தில், ஒரே விதமாக, ஒரே அளவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறார். இந்த விளக்கத்தை வைத்துப் பார்த்தால் என்னிஸுக்கும் ஓர் இடம் கிடைக்கலாம். அவனை அந்த இடத்தில் பிடித்து உட்காரவைக்கும் உரிமை எனக்குக் கிடையாது. “அவன் என்னைப் போன்றவன்” என்பதை விட்டு, “இந்த இடத்தில் என்னைக் கண்டேன்” என்று சொல்லிப் பழகிய பிறகு, நண்பர்களோடு சண்டை குறைந்தது.

தன்பாலீர்ப்புள்ள நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. “உனக்கென்ன, ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தப்பித்துக்கொள்வாய்” என்று இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் சொல்லாதீர்கள். கல்யாணம் செய்துகொண்டதால் என்னிஸ் எதிலிருந்து தப்பித்தான்?

மனைவியைத் தடைக்கல்லாகப் பார்ப்பது

மலையில் பிரிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, என்னிஸைத் தேடி ஜாக் வருகிறான். மாடிப்படியின் கீழே இருவரும் கட்டிப்பிடித்து முத்தமிட்டுக்கொள்கிறார்கள். கதவைத் திறந்த ஆல்மா அதைப் பார்த்துவிடுகிறாள். பெரும்பாலான பார்வையாளர்களின் மனம் அந்த நொடியில் கீழே, அந்த இருவரிடம் இருக்கிறது. இருக்கட்டும், அவ்வளவு காலத் தவிப்பு அது. என் மனம் மட்டும் கீழேயும் மேலேயும் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே நிற்பவனின் பசியும் எனக்குத் தெரியும். கதவருகே நிற்பவளை ஒருவன் எப்படி மனதார நேசிக்க முடியும் என்பதும் தெரியும். அந்த இடத்தில் நானே ஒருநாள் நிற்கலாம் என்பதும் தெரியும்.

இப்படி இரண்டு பக்கமும் மனம் போவதை ‘குழப்பம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். இருபாலீர்ப்புள்ளவர்களைப் பற்றி உலகம் சொல்லும் பழைய குற்றச்சாட்டு இது. ஜாக்குக்காக அழுவதால் ஆல்மாவின் துயரம் குறைந்துவிடுமா? ஆல்மா ஆண்டுக்கணக்கில் வாயைத் திறக்காமல் சுமந்தவள். திறந்தபோதுகூட ஒரு துண்டுத்தாளைப் பற்றிய பேச்சில்தான் தொடங்கினாள். லூரினும் அப்படித்தான். கணவன் இறந்த கதையை, டயர் வெடித்து முகத்தில் அடித்தது என்று, தொலைபேசியில் உணர்ச்சியற்ற குரலில் ஒப்பிக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல, ஜாக்கைச் சிலர் அடித்துக் கொல்வதுபோல் என்னிஸின் கண்முன்னே ஓடுகிறது. எது உண்மை என்று படம் சொல்லவில்லை. லூரினுக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் சொல்லவில்லை. அந்தக் குரலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கணவனோ மனைவியோ கேட்கும் அந்தக் கேள்வி: “நீங்களும் ஒருநாள் இப்படிப் போய்விடுவீர்களா?” என் மனைவியும் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பே எல்லாம் தெரிந்தவள், தெரிந்தே என்னைத் தேர்ந்தெடுத்தவள். ஆனாலும் கேட்டாள். நான் கோபப்பட்டேன். அந்தக் கோபம் என் தவறு. அவள் ஆல்மாவின் பக்கத்தில் நின்று படம் பார்த்திருக்கிறாள், பயந்திருக்கிறாள். பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் நிதானமாகப் பேசினோம். என்னிஸ் ஏன் பொய் சொன்னான் என்பதற்குப் படமே காரணம் சொல்கிறது. அவனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, இன்னொரு ஆணோடு குடும்பம் நடத்திய எர்ல் என்பவரை யாரோ அடித்துக் கொன்று போட்டிருந்தார்கள். அந்தப் பிணத்தைப் பார்க்கும்படி அவனைக் கூட்டிக்கொண்டு போனவர் அவனைப் பெற்ற தகப்பன். அந்தப் பையன் வளர்ந்து கட்டிய வீட்டில், உண்மை பேசுவதற்கு இடமே இருந்திருக்காது. ஆல்மாவுக்குச் செய்த துரோகம் அந்தப் பயத்தில் பிறந்தது. அது துரோகம்தான், அதை நான் மழுப்பவில்லை. ஆனால் எத்தனை பாலினத்தவர்மீது ஒருவருக்கு ஈர்ப்பு வரும் என்பதற்கும், கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றுவாரா என்பதற்கும் தொடர்பு இல்லை. பெண்களை மட்டும் விரும்பும் கணவன், காதல் படத்தில் கதாநாயகியைப் பார்த்துக் கண் கலங்கினால், “போய்விடுவாயா?” என்று யாரும் கேட்பதில்லையே.

அதனால், துணைவராக இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அன்றிரவே கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், எந்த இடம் மனதை வருத்தியது என்று கேளுங்கள். மறைக்காமல் பதில் வரும். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் கேள்வி வந்தால் வெடிக்காதீர்கள்.

கூட்டத்தில் துருவுவது

நண்பர்கள் கூடிப் படம் பார்த்த பிறகு, “நீ ஏன் அப்படி அழுதாய்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்பது சாதாரணமாகத் தோன்றும். ஒருவர் தன்னைப் பற்றி யாரிடம், எப்போது சொல்வது என்பது அவர் கையில் இருக்க வேண்டிய முடிவு. அழுகையை வைத்துக் கணக்குப் போட்டு அறையில் அறிவிப்பது, அந்த முடிவை அவரிடமிருந்து பறிப்பது. அறையில் இருக்கும் ஒருவர் அதை ஊரில் அவர் அண்ணனிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். அதைவிடப் பெரிய உதவி அந்த நேரத்தில் கிடையாது.

ஒரே படத்திடம் எல்லாம் கேட்பது

முடிவு பிடிக்காமல் போவது இயல்பு. நானும் மனதுக்குள் அந்த இருவருக்கும் ஒரு சிறு பண்ணை வாங்கிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் மூலக்கதையை எழுதிய ஆனி ப்ரூவுக்குப் பலர் தாங்கள் மாற்றி எழுதிய முடிவுகளை அனுப்பிவைத்தார்கள். அந்தக் கதையை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று 2009இல் ஒரு நேர்காணலில் சொல்லும் அளவுக்கு அவர் நொந்துபோனார். தன்பாலீர்ப்பின்மீதான வெறுப்பையும் ஓர் ஊரின் மனப்போக்கையும் பற்றியே தான் எழுதியதாக அவர் விளக்கினார். அந்தக் கதை நியூயார்க்கர் இதழில் வந்தது 1997 அக்டோபரில். சரியாக ஓராண்டு கழித்து, அதே வயோமிங் மாநிலத்தின் லாரமி நகருக்கு வெளியே, மேத்யூ ஷெப்பர்ட் என்ற தன்பாலீர்ப்புள்ள 21 வயதுக் கல்லூரி மாணவரை அடித்து, வேலியில் கட்டிப்போட்டு, சாகும்படி விட்டுச் சென்றார்கள். என்னிஸின் பயம் கற்பனை அல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காதலித்ததற்குத் தண்டனையாக ஆசிரியர் ஜாக்கைக் கொன்றுவிட்டார் என்று கோபப்படுபவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வேறு விதமான படம் வேண்டுமென்றால் இருக்கிறது. 2017இல் வந்த ‘கால் மீ பை யுவர் நேம்’ படத்தில், 1983ஆம் ஆண்டுக் கோடையில், வடக்கு இத்தாலியில் 17 வயது எலியோ, ஆலிவர் என்ற இளைஞன்மீது பித்தாகிறான். அதே கோடையில் மார்சியா என்ற பெண்ணோடும் பழகுகிறான். நீ யார், எந்தப் பக்கம் என்று அவனை அந்தப் படம் கேட்பதே இல்லை. அவன் காயப்படுத்திய மார்சியா, அவன் உடைந்துபோய்த் திரும்பும்போது கோபம் இல்லை என்று சொல்லி நட்புக்குக் கை நீட்டுகிறாள். அப்படி ஒரு பெண்ணுக்குப் படத்தில் இடம் கொடுத்திருப்பதற்கே நான் நன்றி சொல்வேன்.

ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது வயோமிங்குக்குத்தான். போன மழைக்காலத்தில் என் மனைவியும் நானும் அதை மீண்டும் பார்த்தோம். கடைசியில், என்னிஸ் தனியாக வாழும் வண்டிவீட்டுக்கு மூத்த மகள் வருகிறாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அப்பா வர வேண்டும் என்கிறாள். முதலில் வேலை இருக்கிறது என்பவன், பிறகு வருகிறேன் என்கிறான். அவள் போன பின்தான் அவளுடைய ஸ்வெட்டர் அங்கேயே கிடப்பதைப் பார்க்கிறான். எடுத்து மடிக்கிறான். உள்ளே வைக்க அலமாரியைத் திறக்கிறான். கதவின் உட்புறத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக, அவன் சட்டையும் ஜாக்கின் சட்டையும் தொங்குகின்றன. பக்கத்தில் அந்த மலையின் படம்.

மகளின் ஸ்வெட்டரும் காதலனின் சட்டையும் ஒரே அலமாரியில். ஒன்றை வைக்க இன்னொன்றை அவன் அப்புறப்படுத்தவில்லை. இந்தமுறை நான் அழுதது அங்கே. என் மனைவி திரும்பிப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை. காலருகே கிடந்த போர்வையை எடுத்து என் தோள்மேல் போட்டுவிட்டு, திரையில் பெயர்கள் ஓடி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.