பிளம்பர் வேலை கற்க விரும்புவோருக்கு: சுவருக்குள் மறையும் வேலையின் முதற்பாடங்கள்

கொத்தனாரின் வேலையையும் தச்சரின் வேலையையும் வீட்டுக்கு வருகிற எவரும் கண்ணால் பார்த்து மதிப்பிட்டுவிடலாம். பிளம்பரின் வேலையில் பெரும்பகுதி பூச்சுக்கும் டைல்ஸுக்கும் அடியில் புதைந்து, பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. ஆகவே இத்தொழிலுக்கு வருபவர், யாரும் பார்க்காத இடத்திலும் சரியாகச் செய்யும் பழக்கத்தையே முதலில் கைக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தமிழ்நாட்டில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்க எண்ணுபவருக்காகக் கீழ்க்காணும் படிகளை எழுதுகிறேன்.

முதற்படி: வருகிற நீர், போகிற நீர்

ஒழுகும் குழாயைச் சரிசெய்வது இந்த வேலையின் சிறு பகுதிதான். தரையடித் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கும், அங்கிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் நீரைக் கொண்டுவருவதும், பயன்படுத்திய நீரையும் கழிவையும் வெளியே கொண்டுசேர்ப்பதும், மழைநீரை மொட்டைமாடியிலிருந்து சேகரிப்புக் குழிக்கு இறக்குவதும் பிளம்பரின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பின் அந்த மூன்றாவது வேலை எல்லா வீடுகளுக்கும் உரியதாகிவிட்டது.

வருகிற நீர் அழுத்தத்தால் ஓடுகிறது. போகிற நீர் வாட்டத்தால், அதாவது குழாயின் சரிவால், ஓடுகிறது. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். ஷவருக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் மட்டுமே தொட்டி இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். மேல்தளத்து ஷவரில் நீர் மெலிந்து விழுகிறது என்று வீட்டுக்காரர் குறைபட்டுக்கொண்டால், ஷவரை மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: எங்கே கற்பது

இரண்டு வழிகள் உள்ளன. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்று, 14 வயது நிறைந்தவர் ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு பிளம்பர் பிரிவில் சேரலாம். அரசு ஐடிஐகளில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேறினால் நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். மற்றொன்று, நல்ல மேஸ்திரி ஒருவரிடம் கையாளாகச் சேர்வது. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்திலிருந்து நாடெங்கும் வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கான பிளம்பர்களில் பலர், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் கையைப் பிடித்தே இப்படிக் கற்றவர்கள். இயலுமானால் இரண்டையும் செய்யுங்கள் என்பேன். வரைபடம் படிக்கவும் அளவு கணக்கிடவும் ஐடிஐ கற்றுத்தரும். ஆறாவது மாடியில் குழாயைப் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டும்போது பீம் எங்கே போகிறது என்று பார்க்க மேஸ்திரிதான் கற்றுத்தருவார்.

கருவிகளைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் இரண்டு பைப் ரெஞ்சு, ஒரு ஹேக்சா, பைப் கட்டர், அளவு டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு ஆகியவை போதும். மற்றவற்றைச் சம்பாதித்து வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: ஒரு இணைப்பை ஒழுங்காக ஒட்டுதல்

இதை வீட்டிலேயே பழகலாம். முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய்த் துண்டு இரண்டும், குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பான எல்போ ஒன்றும், அதற்குரிய பசையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிவிசி பசையும் சிபிவிசி பசையும் வேறு வேறு என்பதால் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும்.

குழாயைக் கோணாமல் நேராக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறை உள்ளும் புறமும் சுரண்டி எடுத்து, ஈரமும் தூசியும் போகத் துணியால் துடையுங்கள். பசையில்லாமல் எல்போவுக்குள் செருகினால், குழாய் பாதியளவு போய் இறுகி நிற்க வேண்டும். தடையின்றி அடிவரை போய் ஆடினால் அந்த எல்போவை ஒதுக்கிவிடுங்கள். பிறகு குழாயின் வெளிப்புறம் சீராகவும், எல்போவின் உட்புறம் மெல்லியதாகவும் பசையைத் தடவி, செருகும்போதே கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். கையை உடனே எடுத்தால் குழாய் மெல்லப் பின்வாங்கும். அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது. சரியாக ஒட்டிய இணைப்பைச் சுற்றிப் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி நிற்கும். எல்போவின் உள்ளே பசையை அள்ளிப் பூசினால் அது உள்ளே தேங்கிக் குழாயை இளக்கி, நீர்வழியையும் குறுக்கிவிடும். பத்து இணைப்புகள் இப்படி ஒட்டி, மறுநாள் நீளவாக்கில் அறுத்து உள்ளே பாருங்கள். ஒரு வாரப் பாடம் அந்த ஒரு அறுப்பில் கிடைக்கும்.

மரையுள்ள (திருகிப் பொருத்தும்) இணைப்புகளில் டெஃப்லான் டேப்பைச் சுற்றும்போது, மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்க, கடிகாரமுள் சுழலும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் கழன்று சுருண்டுவிடும்.

நான்காம் படி: வாட்டமும் டிராப்பும்

4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற வாட்டத்தை, அதாவது ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறக்கத்தை, நல்ல அளவாகக் கொள்ளலாம். குறைந்தால் கழிவு தேங்கும். மிகவும் செங்குத்தாக வைத்தால் நீர் முன்னே ஓடிவிட, திடக்கழிவு பின்தங்கி அடைத்துக்கொள்ளும். கழிவுநீர் குழாய்க்குள் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் டிராப் எனப்படும், நீர் தங்கும் வளைவை வைப்பதன் காரணம், அதில் தங்கும் 5 சென்டிமீட்டர் அளவு நீர் சாக்கடை வாடையை மறித்து நிற்பதே. கழிவு ஒரே வீச்சில் இறங்கும்போது குழாயில் உண்டாகும் உறிஞ்சல் அந்த நீரையும் இழுத்துச் சென்றுவிடாமலிருக்க, செங்குத்தாக இறங்கும் நிலைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே திறந்த வாயுடன் நீட்டி விடுகிறோம். செலவைக் குறைக்கச் சிலர் இந்தக் காற்றுக்குழாயை விட்டுவிடுகிறார்கள். அந்த வீடுகளில் எத்தனை வாசனைத் திரவம் ஊற்றினாலும் வாடை போவதில்லை.

ஐந்தாம் படி: பூசுவதற்கு முன் சோதனை

எல்லாப் படிகளிலும் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். இணைப்புகள் உலர ஒரு நாள் விட்டு, எல்லா வாய்களையும் அடைப்பான் போட்டு மூடி, கைப்பம்பால் நீரேற்றி, வேலை அழுத்தத்தைப் (வழக்கமான பயன்பாட்டில் குழாயில் இருக்கும் அழுத்தத்தை) போல ஒன்றரை மடங்கு வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அழுத்தமானியின் முள் சில மணி நேரம் இறங்காமல் நின்றால் மட்டுமே கொத்தனாரைப் பூசச் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், கொத்தனார் காத்திருக்கிறார் என்ற அவசரத்தில் ஒரு குளியலறையைச் சோதிக்காமல் மூடிவிட்டேன். நான்கு மாதம் கழித்துப் பக்கத்து அறைச் சுவரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. ஒரு எல்போவைக் கண்டுபிடிக்க ஒன்பது டைல்ஸ் உடைத்தோம். அந்த வீட்டம்மா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றுவரை மறக்க முடியாமல் இருக்கிறது.

செய்யக்கூடாத ஒரு வேலை

அடைப்பு எடுக்கக் கூப்பிடுகிற சிலர், கழிவுத்தொட்டிக்குள் இறங்கச் சொல்வார்கள். எவ்வளவு பணம் தந்தாலும் இறங்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சில் நினைவிழக்கச் செய்யும். தூக்கிவிடக் குனிந்தவரும் உள்ளே விழுந்து உயிரிழந்த செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இவ்வேலையில் ஆளை ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. உறிஞ்சு லாரியை வரவழைக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தனியாக வேலை எடுக்கும்போது

18 வயது நிறைந்ததும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். குழந்தைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை அப்பதிவின் வழியே வருகின்றன. கூலியை நாள் கணக்கில் பேசினாலும் குளியலறைக் கணக்கில் பேசினாலும், சோதனைக்கான ஒரு நாளையும் சேர்த்தே பேசுங்கள். இல்லையெனில் அந்த நாளைத்தான் முதலில் வெட்டுவார்கள். பூச்சுக்கு முந்தைய நாள், காடிகளில் குழாய் படுத்திருக்கும் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை நீட்டி வைத்துப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பத்தாண்டு கழித்துக் கண்ணாடி மாட்ட டிரில் பிடிக்கும் ஒருவர், எந்த இடத்தில் துளை போடக்கூடாது என்பதை அந்தப் படத்தில் பார்த்துக்கொள்வார்.