மிளகுச் சிமிழில் தொடங்கும் உலக வரலாறு: ஆசிரியருக்கான ஒரு பாட்காஸ்ட் வழிகாட்டி

உலக வரலாற்றைக் கற்பிக்கும்போது மெசபடோமியா, ரோம், பெனின் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறோம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் மனிதர்கள் உண்டு, உடுத்து, கடன் வாங்கி, கணக்கு எழுதி வாழ்ந்தார்கள் என்பது நம் குரலில் ஏறுவதே இல்லை. இந்தக் குறைக்கு நான் கண்ட நல்ல மருந்து, பிரிட்டிஷ் மியூசியமும் பிபிசி ரேடியோ 4 நிலையமும் இணைந்து 2010ஆம் ஆண்டில் ஒலிபரப்பிய ‘நூறு பொருள்களில் உலக வரலாறு’ என்னும் தொடர். அப்போது அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த நீல் மெக்ரெகர், ஓர் அத்தியாயத்துக்கு ஒரு பொருள் என்று எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 15 நிமிடம் பேசுகிறார். ஆங்கிலத்தில் அமைந்த இந்தப் பாட்காஸ்டைத் தமிழ்வழி வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை, பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இங்கு விளக்குகிறேன்.

முதல் வேலை, வகுப்பை மறந்துவிட்டு நீங்கள் கேட்பது. ஓர் அத்தியாயத்தை இரண்டு முறை கேளுங்கள். முதல்முறை குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டாம்முறை, அந்தப் பொருளின் படத்தை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் திறந்து வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் என்ன சொல்லப்படுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். படம் கட்டாயம் வேண்டும். 15ஆவது பொருள், தென் ஈராக்கில் கிடைத்த, சுமார் 5,000 ஆண்டுப் பழமையுள்ள ஒரு களிமண் பலகை. உலகின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றான அதில் பதிந்திருப்பது மன்னன் புகழோ கடவுள் துதியோ அன்று; வேலையாட்களுக்குப் படியாக அளந்த பீரின் கணக்கு. அடி கூம்பிய சாடி வடிவம் பீரையும், கிண்ணத்தோடு சேர்ந்த மனிதத் தலை உணவுப் படியையும் குறிக்கின்றன. காதால் மட்டும் கேட்டால் இது ஒரு தகவலாக நின்றுவிடும். அந்தச் சாடியைப் படத்தில் நீங்களே தேடிக் கண்டுபிடித்துவிட்டால், மறுநாள் கரும்பலகையில் அதை வரைய உங்கள் கை தானாகப் போகும்.

முதல் பொருளில் தொடங்கி நூறாவது வரை வரிசையாகக் கேட்டு முடிக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஓர் ஆண்டுக்கு நான்கைந்து அத்தியாயங்கள் போதும், அவை ஒரே சரடில் கோக்கப்பட்டிருந்தால். நான் பரிந்துரைக்கும் சரடு கடல் வாணிபம். அதற்கு 40ஆவது பொருளான ஹாக்ஸன் மிளகுச் சிமிழைப் போலப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்ஸன் என்னும் ஊரில், 1992 நவம்பரில், வயலில் தொலைந்த ஒரு சுத்தியலை உலோகங்காணும் கருவி கொண்டு தேடியவருக்குப் பெரும் புதையல் ஒன்று அகப்பட்டது. ஏறத்தாழ 15,000 பொன், வெள்ளி நாணயங்களும் அணிகலன்களும் கரண்டிகளும் இருந்த அந்தப் புதையலில், பெண்ணின் மார்பளவு உருவமாக வடித்த, சுமார் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு வெள்ளிச் சிமிழும் இருந்தது. அதன் அடியில் ஒரு சுழல்தட்டு உண்டு: ஒரு நிலையில் வைத்தால் உள்ளே மிளகுத்தூளை நிரப்பலாம், இன்னொரு நிலையில் தூவலாம், மற்றொரு நிலையில் மூடிவிடலாம். ரோமானியர் ஆட்சி பிரிட்டனில் முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு செல்வக் குடும்பம் புதைத்து வைத்த பொருள் இது.

வகுப்பில் இதைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் படத்தை மட்டும் காட்டுங்கள். அடித்தட்டின் படம் கிடைத்தால் அதையும் காட்டி, இது எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று கேட்டுவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். குங்குமச் சிமிழ், விபூதி மடல், சாமி சிலை என்று பல விடைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அதன்பின், முன்பே பதிவிறக்கி வைத்த அத்தியாயத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று நிமிடப் பகுதியை மட்டும் ஒலிக்க விடுங்கள். முதன்முதலில் நான் முழு அத்தியாயத்தையும் ஓடவிட்டேன். ஐந்தாவது நிமிடத்திலேயே பின் வரிசை என் கையைவிட்டுப் போய்விட்டது. பழக்கமில்லாத உச்சரிப்பில் வரும் ஆங்கிலத்தை அவ்வளவு நேரம் பின்தொடர்வது பிள்ளைகளுக்குக் கடினம். குரலின் சுவையைக் காட்டச் சிறு பகுதி போதும். மிச்சக் கதையை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். ஒலிபெருக்கியை மேசைமேல் வைக்காமல் வகுப்பின் நடுவில் வைப்பதும், அந்த மூன்று நிமிடம் மின்விசிறியை நிறுத்துவதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

இந்தக் கட்டத்தில் நம் கையிலுள்ள சான்றுகளை எடுத்து வைக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சிமிழை நிரப்பிய மிளகு புறப்பட்ட கரை நம்முடையது. யவனரின் மரக்கலங்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ வளமான முசிறி (இன்றைய கேரளக் கரையிலிருந்த துறைமுகம்) என்று அகநானூற்றின் 149ஆவது பாடல் சொல்கிறது. கறி என்பது மிளகு. எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேவில், கோயில் ஒன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடிக்குள் 7.5 கிலோ மிளகு அகழாய்வில் கிடைத்தது. முசிறிச் சரக்குக்காக எழுதிய 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் ஏடாக வியன்னாவில் உள்ளது. கி.பி. 408இல் ரோம் நகரை முற்றுகையிட்ட விசிகோத் இனத் தலைவன் அலாரிக், நகரை விடுவிக்கப் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டான்; அது ஏறக்குறைய ஒரு டன். இவற்றைச் சொல்லும்போது காலத்தைக் குழப்பிவிடக் கூடாது. சங்கப் பாடலுக்கும் ஹாக்ஸன் சிமிழுக்கும் இடையில் நூற்றாண்டுகள் உள்ளன. கரும்பலகையில் ஒரு நேர்கோடு வரைந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் மாணவரையே குறிக்கச் செய்யுங்கள். வரலாற்றுணர்வு வளர்வது அந்தக் கோட்டில்தான்.

அடுத்த வகுப்புக்கு 60ஆவது பொருள் உதவும்: இன்றைய தான்சானியாவின் கில்வாத் தீவுக் கடற்கரையில் பொறுக்கிய பானையோடுகள். சீனாவின் வெளிர்பச்சைப் பீங்கான், மத்தியக் கிழக்கின் மெருகேற்றிய ஓடு, உள்ளூரின் பழுப்பு மண்ணோடு ஆகிய மூன்றும் ஒரே கரையில் ஒதுங்கியிருந்தன என்ற ஒன்றே இந்தியப் பெருங்கடல் வாணிபத்தை விளக்கப் போதுமானது.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், ‘இந்தப் பொருள் லண்டனுக்கு எப்படிப் போனது?’ என்ற கேள்வியை வகுப்பின் முன் வையுங்கள். 77ஆவது பொருளான பெனின் பித்தளைத் தகடு, 1897இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைத் தாக்கிக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்றவற்றில் ஒன்று. அவற்றைத் திருப்பித் தருமாறு நைஜீரியா கேட்டு வருகிறது. 86ஆவது பொருளான அக்கான் முரசு, மேற்கு ஆப்பிரிக்காவில் அக்கான் மக்களால் செய்யப்பட்டு, அடிமை வாணிபத்தின் வழியே வர்ஜீனியா சென்று, பின்னர் லண்டன் சேர்ந்தது. நூற்றாண்டுக்கும் மேலாக அதை அமெரிக்கப் பழங்குடியினரின் முரசு என்றே கருதியிருந்தார்கள். தொடரைப் பேசுபவர் அப்போது அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர் என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும். நல்ல குரலில் சொல்லப்பட்டது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதையும் இந்தத் தொடரைக் கொண்டே கற்பிக்கலாம்.

கடைசிப் பயிற்சியாக, மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளைப் பற்றி இரண்டு நிமிடம் கைபேசியில் பதிவு செய்து வரச் சொல்லுங்கள். அஞ்சறைப் பெட்டி, மரக்கால், அரிவாள்மணை, தாத்தா பர்மாவிலிருந்து கொண்டு வந்த தகரப் பெட்டி என எதுவும் ஆகலாம். அது எதனால் செய்யப்பட்டது, யார் கையில் இருந்தது, எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டறிந்த பிறகே பேச வேண்டும். ‘இது மிகவும் பழமையானது’ என்ற வாக்கியத்தை மட்டும் தடை செய்துவிடுங்கள். எத்தனை ஆண்டு, எப்படித் தெரியும் என்று சொல்லியாக வேண்டும். மின்விசிறி இல்லாத அறையில், கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பதிவு செய்தால் குரல் தெளிவாக விழும்.