சென்ட்ரல் லைன் வழியே ரத்தத்தில் கிருமி ஏறாமல் தடுக்க

சென்ட்ரல் லைன் என்பது இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைவரை செலுத்தப்படும் மெல்லிய குழாய். லைன் போடுபவர் கை கழுவி, தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கவுன், கையுறை எல்லாம் அணிய வேண்டும். நோயாளியைத் தலை முதல் கால் வரை ஸ்டெரைல் துணியால் மூடுங்கள். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலை 30 விநாடி தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் மருந்து வேலை செய்து முடிப்பதற்குள் கிருமி உள்ளே போய்விடும். பெரியவர்களுக்குத் தொடைச் சிரையை முடிந்தவரை தவிருங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது அதற்குப் பிறகு, ஹப்பில்தான், அதாவது லைனின் வெளி முனையில் சிரிஞ்ச் மாட்டும் இடத்தில். சிரிஞ்ச் மாட்டும் ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் பஞ்சால் ஹப்பின் வாயையும் மரையையும் 15 விநாடி முறுக்கித் தேய்த்து, காய்ந்த பிறகே மாட்டுங்கள். மேலோட்டமாகத் துடைத்தால் மரையிடுக்கில் உறைந்த ரத்தம் அப்படியே இருக்கும். கிருமிக்கு அதுதான் சோறு.

ஒளிபுகும் டிரெஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒருமுறையும், காஸ் (வலைத்துணி) டிரெஸ்ஸிங்கை 2 நாளுக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். ஓரம் கிளம்பினாலோ நனைந்தாலோ நாள் எண்ணாமல் உடனே மாற்றுங்கள். மயக்க மருந்தான புரோபோஃபால் ஒரு கொழுப்புப் பால்மம், அதில் கிருமி வேகமாகப் பெருகும். அந்த மருந்தை லைனுக்குக் கொண்டுசெல்லும் இணைப்புக் குழாயை 12 மணி நேரத்துக்கு மேல் மாற்றாமல் விடாதீர்கள்.

தினமும் ரவுண்ட்ஸில் "இந்த லைன் இன்னும் வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வேண்டாமென்றால் அன்றே எடுத்துவிடுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் லைனிலிருந்தும் கைச் சிரையிலிருந்தும் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுங்கள்.